சும்மா இருக்கத் தெரிந்தால் பாதி ஜெயம்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பழகுவது எப்படி

"மாமா, நான் ஒண்ணுமே பண்ணல. சும்மா பிளாக் பண்ணிக்கிட்டு உட்காந்திருந்தேன். நீங்களாத்தான் தோத்தீங்க."

2023 தீபாவளி விடுமுறையில் அக்கா மகன் என்னிடம் சொன்னது இது. அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எனக்கு வயது 39, திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி. அன்று வரை எனக்குச் சண்டை விளையாட்டு தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய் போட்டு கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடுவோம். ஜெயித்தவன் எழுந்திருக்க மாட்டான், தோற்றவன் அடுத்த காசுக்குப் பாக்கெட்டைத் தடவுவான். அங்கே எல்லோருக்கும் ஒரே உத்திதான்: எல்லா பட்டனையும் படபடவென்று தட்டுவது. அதே உத்தியோடு போய்த்தான் அக்கா மகனிடம் பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்றேன்.

அதன்பிறகு ஒன்றரை வருடம், வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து கற்றதை இங்கே எழுதுகிறேன். ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, காப்காம் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்டது. டெக்கனோ வேறெந்தச் சண்டை விளையாட்டோ ஆடுகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில் சாமான். கையில் இருப்பது போதும். பிளேஸ்டேஷனோடு வரும் கன்ட்ரோலரே நல்லது. கணினி விசைப்பலகையில் ஆடி மேலே போனவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து, அந்தக் கால வீடியோ கேம் கடையில் இருந்தது போன்ற ஆர்கேட் ஸ்டிக் வாங்குவதைப் பற்றி ஆறு மாதம் கழித்து யோசித்தால் போதும். ஆட்டத்தையே காசு கொடுத்து வாங்கத் தயக்கமென்றால் இலவச டெமோ இருக்கிறது. அதில் ரியூ, லூக் என்ற இரண்டு ஆட்களும் கிடைப்பார்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில் பாதிக்கு அதுவே தாங்கும். ஒன்று மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்: டிவியில் ஆடுவதானால் டிவி அமைப்பில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். நான் போடவில்லை. படம் அழகாக வருவதற்காக டிவி செய்யும் வேலைகளால் நான் அமுக்கியது திரையில் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் மூன்று வாரம் என் வயதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ஆள். ரியூவை எடுங்கள். நம் ஊர்க்காரர் என்ற பாசத்தில் தல்சிமை எடுக்காதீர்கள். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த நாளிலிருந்தே கூட வருகிற இந்திய யோகி அவர், நானும் அந்தப் பாசத்தில்தான் முதலில் அவரை எடுத்தேன். கையும் காலும் அரைத் திரைக்கு நீளும், குதித்தால் மெதுவாக மிதப்பார், நினைத்த இடத்தில் மறைந்து தோன்றுவார். அதாவது மற்ற எல்லோருக்கும் பொருந்துகிற எந்த விதியும் அவருக்குப் பொருந்தாது. அவரை வைத்து அடிப்படை கற்பது, மூன்று சக்கர ஆட்டோவில் சைக்கிள் பழகுகிற கதை. ரியூவிடம் தூரத்துக்கு ஒரு நெருப்புப் பந்து, குதித்து வருகிறவருக்கு ஒரு மேல்குத்து, பக்கத்தில் வந்தால் நேர்மையான கை கால். இவ்வளவுதான் வேண்டும்.

கன்ட்ரோல் வகையை ஆட்டம் கேட்கும். கிளாசிக்கில் குத்து மூன்று, உதை மூன்று, ஆக ஆறு பட்டன். லைட், மீடியம், ஹெவி என்று பலம் ஏறிக்கொண்டே போகும். மாடர்னில் ஒரே பட்டனில் விசேஷ அடி வந்துவிடும், அதற்கு விலையாக அப்படி வருகிற அடிக்குச் சேதம் 20 சதவீதம் குறைவு. மாடர்னை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். பெரிய போட்டிகளிலேயே அதற்கு அனுமதி உண்டு. விரல் மூட்டு வலிக்கிற என் வயதுக்காரர்கள் தயங்காமல் எடுக்கலாம். நான் கிளாசிக்கில் ஆடுவது அந்த ஒரு ரூபாய்க் கடையின் மேலிருக்கும் பிடிவாதத்தால்தான்.

இனி அடிகளை எழுதும் முறை. யாரைக் கேட்டாலும் 236, 623 என்று எண்ணாகவே சொல்வார்கள். கால்குலேட்டரின் எண் வரிசையை மனதில் வையுங்கள், போனில் இருப்பது வேண்டாம். கால்குலேட்டரில்தான் 7, 8, 9 மேலே இருக்கும். நடுவிலிருக்கும் 5 என்றால் ஸ்டிக்கைத் தொடாமல் விடுவது. 6 முன்னே, 4 பின்னே, 2 கீழே, 8 குதிப்பது. நீங்கள் வலதுபக்கம் பார்த்து நிற்பதாகக் கணக்கு. ஹடோகென் என்ற நெருப்புப் பந்து 236: கீழே, கீழ்-முன் மூலை, முன்னே, அதோடு ஒரு குத்து. தமிழில் 'ட' எழுதுவது போலத்தான், மூலையை மட்டும் மடக்காமல் உருட்ட வேண்டும். ஷோரியுகென் என்ற மேல்குத்து 623: முன்னே, கீழே, கீழ்-முன் மூலை, குத்து. கடைசியில் ஸ்டிக் அந்த மூலையிலேயே நிற்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் அதைத் தாண்டி உருட்டிவிடுவார்கள்.

இதில் எல்லோருக்கும் வருகிற ஒரு கோளாறு: முன்னே நடந்துகொண்டிருக்கும்போது ஹடோகென் போடப் போனால் ஷோரியுகென் வந்துவிடும். முன்னே நடந்ததையும் சேர்த்து 6, 2, 3 என்று ஆட்டம் படித்துவிடுகிறது. நடப்பதை ஒரு கணம் விட்டு, ஸ்டிக் நடுவுக்கு வந்தபின் உருட்டுங்கள். முதல் வாரம் முழுக்க டிரெய்னிங் மோடில் இரண்டு அடிகளையும் பத்துப் பத்தாகப் போடுங்கள். பத்துக்கு எட்டு வந்தால் போதும், அதற்கு மேல் தவம் வேண்டாம்.

சரி, இப்போதுதான் விஷயம் தொடங்குகிறது.

ஆட்டம் ஒரு நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம், கிட்டத்தட்ட 17 மில்லிநொடி. எந்த அடிக்கும் மூன்று கட்டம் உண்டு: கை கிளம்பிப் போய்ச் சேரும் நேரம், அடி உயிரோடிருக்கும் நேரம், கை திரும்பி வரும் நேரம். ரியூவின் லைட் குத்து கிளம்பி 4ஆவது ஃப்ரேமில் படும். த்ரோ, அதாவது பிடித்துத் தூக்கி எறிவது, 5 ஃப்ரேம். டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய இடி 26 ஃப்ரேம். ஒருவர் தரையை விட்டுக் குதித்து மறுபடி தரையில் நிலைகொள்ள ஏறத்தாழ 45 ஃப்ரேம், முக்கால் நொடி.

இந்த நான்கு எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்து மூளைக்கு எட்டி விரல் அசைய நமக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிறது, அதாவது 15 ஃப்ரேம். நல்ல துடிப்பான பையனுக்கு அதில் இரண்டு மூன்று குறையலாம். ஆகவே 4 ஃப்ரேம் குத்தையும் 5 ஃப்ரேம் த்ரோவையும் பார்த்துத் தடுக்க உலகத்தில் யாராலும் முடியாது. அவற்றை முன்கூட்டியே யூகிக்கத்தான் வேண்டும். குதிப்பதையும் டிரைவ் இம்பாக்டையும் பார்த்துப் பதில் கொடுக்க என் வயதிலும் முடியும். ஒரே நிபந்தனை, அந்த நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டும். உங்கள் உதை பாதியில் இருக்கும்போது எதிராளி குதித்துவிட்டால், பார்த்தும் பயனில்லை. அதைவிட மோசம், அடுத்து எதை அமுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர் குதித்ததே கண்ணில் விழாது. தீபாவளியன்று எனக்கு நடந்தது இதுதான். என் விரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால் திரையை நான் பார்க்கவே இல்லை.

அதனால் முதல் பாடம் தடுப்பு. பின்னே பிடித்தால் நின்று தடுப்பது, கீழ்-பின் மூலையில் பிடித்தால் குனிந்து தடுப்பது. குனிந்தே இருங்கள். காலைக் குறிவைத்து வரும் வேகமான உதைகளைக் குனிந்தால்தான் தடுக்க முடியும். குதித்து வந்து அடிப்பதையும், 'ஓவர்ஹெட்' என்று சொல்லும் தலைக்கு மேலிருந்து வரும் அடிகளையும் எழுந்து நின்றுதான் தடுக்க வேண்டும், ஆனால் அவை மெதுவானவை. உங்கள் தலையைத் தாண்டிக் குதிப்பவர் மறுபக்கத்திலிருந்து அடிப்பார், அப்போது 'பின்னே' என்பதும் மாறிவிடும்.

பழகும் வழி: ஆன்லைனில் யாரோடாவது ஆடும்போது ஒரு ரவுண்டில் முதல் 20 நொடி எதையும் அமுக்காமல் தடுத்துக்கொண்டு மட்டும் இருங்கள். கடிகாரம் 99இல் தொடங்கும், 79 வரும்வரை. அடி விழும், விழட்டும். முதல் தடவை எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு வினோதம் தெரிந்தது. கீழ் ரேங்க்குகளில் எதிராளிகள் மூன்று நான்கு காரியங்களைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். குதித்து உதை, குனிந்து காலைத் தட்டுவது, டிரைவ் இம்பாக்ட், மறுபடி குதித்து உதை. நாம் எதையும் செய்யாமலிருந்தால் பொறுமை போய் இன்னும் பெரியதாக ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்கள். என்னை அக்கா மகன் பார்த்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது பாடம் குதித்து வருகிறவரை வீழ்த்துவது. என் கணிப்பில் வெள்ளி ரேங்க் வரை ஏற இது ஒன்றே போதும். குதித்துவிட்டவர் வானத்தில் தடுக்க முடியாது. போகும் பாதையையும் அவரால் மாற்ற முடியாது, ரயிலில் ஏறியாகிவிட்டது. நீங்கள் கீழே நின்று காத்திருந்து லைட் ஷோரியுகென் போட்டால் வானத்திலிருந்து வரும் அடி உங்களைத் தொடாது, அவர்தான் விழுவார். 623 பதற்றத்தில் வரவில்லையென்றால் குனிந்து ஹெவி குத்து. ஒரே பட்டன், சேதம் குறைவு, ஆனால் பாதுகாப்பு. முதல் இரண்டு மாதம் நான் அதைத்தான் போட்டேன்.

டிரெய்னிங் மோடில் பொம்மை எதிராளியின் அசைவைப் பதிவு செய்யலாம். மூன்று பதிவு செய்யுங்கள்: முன்னே குதித்து உதைப்பது ஒன்று, நின்ற இடத்தில் ஹடோகென் ஒன்று, சும்மா முன்னும் பின்னும் நடப்பது ஒன்று. மூன்றும் முன்பின் தெரியாமல் கலந்து வருமாறு போட்டுவிட்டு எதிரே நில்லுங்கள். குதித்தால் மட்டும் அடி, ஹடோகென் வந்தால் தடுப்பு, நடந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். குதிக்காதபோதும் உங்கள் கையிலிருந்து ஷோரியுகென் கிளம்பினால் நீங்கள் பார்க்கவில்லை, சூதாடுகிறீர்கள் என்று அர்த்தம். தினமும் ஐந்து நிமிடம் இதைச் செய்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணுகிற எனக்குச் சலிப்பு பழக்கம்.

தலைக்கு நேர் மேலேயும் பின்னாலும் போகிற குதிப்புகளுக்கு ஷோரியுகென் பெரும்பாலும் தவறும். அங்கே பேசாமல் தடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, யாருடைய முறை என்று தெரிந்துகொள்வது. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு நகர்ந்தால் அடுத்துப் புலி, வாய்விட்டே சொல்லிவிடலாம். இங்கேயும் முறை உண்டு, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஃப்ரேம்தான் சொல்லும். நீங்கள் அடித்த ஒரு அடியை எதிராளி தடுத்துவிட்டார் என்று வையுங்கள். இருவரும் ஒரு கணம் உறைந்திருப்பீர்கள். அவர் உங்களைவிட 3 ஃப்ரேம் முன்னதாக விடுபட்டால் உங்கள் அடி மைனஸ் 3. இப்போது இருவருமே 4 ஃப்ரேம் குத்தை அமுக்கினால் அவருடையதுதான் முதலில் படும். அதாவது முறை அவருக்குப் போய்விட்டது, நீங்கள் தடுக்க வேண்டிய நேரம். மைனஸ் 4 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் மோசம். நீங்கள் தடுக்கக்கூட நேரமில்லாமல் அவருடைய 4 ஃப்ரேம் குத்து வந்து சேர்ந்துவிடும். 'பனிஷ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எதிராளி தடுத்துவிட்ட ஷோரியுகென் மைனஸ் 20க்கும் மேலே. கீழே இறங்கும் வரை நீங்கள் ஒரு முழு காம்போ, அதாவது இடைவிடாத அடித்தொடர், வாங்கக் காத்திருக்கிறீர்கள்.

எல்லா அடிக்கும் எண் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். டிரெய்னிங் மோடில் ஃப்ரேம்களை எண்ணிக் காட்டும் ஃப்ரேம் மீட்டரைப் போட்டுவிட்டு, நீங்கள் அடிக்கடி அமுக்குகிற நாலைந்து அடிகளைப் பொம்மை தடுக்கும்போது என்ன எண் வருகிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் எந்த எதிராளி உங்களை எரிச்சலூட்டுகிறாரோ, அவருடைய அந்த ஒரு அடியை மட்டும் போய்ப் பாருங்கள். எனக்கு அது கென் என்ற ஆளின் ஓடிவந்து உதைக்கும் ஒரு வகை. மூன்று வாரம் நியாயமில்லாத அடி என்று புலம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அதைத் தடுத்த ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு நானேதான் எதையோ அமுக்கிக் குத்து வாங்கியிருக்கிறேன்.

தடுத்துக்கொண்டே இருப்பவருக்கு மருந்து த்ரோ. லைட் குத்தும் லைட் உதையும் சேர்த்து அமுக்க வேண்டும். தடுப்பு அதற்குச் செல்லாது. ஆக ஒரு சுழற்சி இருக்கிறது: தடுப்பு அடியை வெல்லும், த்ரோ தடுப்பை வெல்லும், வேகமான அடி த்ரோவை வெல்லும், ஏனென்றால் 4 ஃப்ரேம் 5க்கு முந்தியது. த்ரோவை யூகித்து அதே இரண்டு பட்டன்களை நேரத்துக்கு அமுக்கினால் விடுபடலாம். பக்கத்தில் நின்று நடக்கும் எல்லாச் சண்டையும் கடைசியில் இந்தச் சுழற்சிதான். எதிராளி கீழே விழுந்து எழும் இடத்தில் இது இன்னும் கூர்மையாகும். எழும்போதே ஓவர்டிரைவ் ஷோரியுகென் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு குத்தைச் சேர்த்துப் போடும் அந்த வகை கிளம்பும்போது எந்த அடியும் அதைத் தொடாது. அப்படி ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை அவர் எழும்போது பக்கத்தில் போய் நின்று தடுத்துப் பாருங்கள். தலைக்கு மேலே பறந்துவிட்டு நிராயுதபாணியாக இறங்குவார்.

தூரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கட்டுரை போதாது. ஒரு படிமம் மட்டும் சொல்கிறேன். கபடியில் பாடிப் போகிறவர் எப்படி நிற்பார்? எதிரணிக்காரர் பாய்ந்தால் பிடிபடாத தூரத்தில், ஆனால் தன் கால் நீட்டினால் தொடுகிற தூரத்தில். உள்ளே ஒரு அடி வைத்து வெளியே வருவார், அவர்களைப் பாய வைப்பதற்காகவே. இங்கேயும் அதேதான். எதிராளியின் நீளமான உதையின் நுனி எங்கே முடிகிறதோ அதற்கு ஒரு விரல்கடை வெளியே நில்லுங்கள். அவர் உதைப்பார், காற்றில் போகும், கால் திரும்பும் முன் நீங்கள் அடிக்கலாம். இதை நான் இன்னும் சரியாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

காம்போவை இவ்வளவு நேரம் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் போய் விழுகிற குழி அது. 15 அடி தொடரை மூன்று நாள் பழகுவார்கள், போட்டியில் முதல் அடியே படாது. இத்தனைக்கும் காம்போ யாரும் திட்டமிட்டுச் செய்ததே இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவாகும்போது தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிசு பிழை தேடிக்கொண்டிருந்தார். கார் உடைக்கும் போனஸ் சுற்றில் ஒரு குத்து முடியும் முன்பே இன்னொரு குத்து நுழைவதைக் கவனித்தார். நேரம் மிகத் துல்லியமாக இருந்தால்தான் வரும், யாருக்கும் வராது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். முப்பது வருடமாக நாம் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று போதும்: குனிந்து மீடியம் குத்து, அது படும்போதே 623 ஹெவி குத்து. முதல் அடியின் கை திரும்பி வருவதை வெட்டிவிட்டு இரண்டாவது கிளம்புவதால் இதற்குக் 'கேன்சல்' என்று பெயர். முதல் அடி பட்ட பிறகு 623 தொடங்கினால் நேரமாகிவிடும், குத்து போய்க்கொண்டிருக்கும்போதே உருட்டத் தொடங்குங்கள். எதிராளி ஷோரியுகென் போட்டுத் தவறி இறங்கும்போது இதைத் தவறாமல் போட்டால் உங்கள் ரேங்க்கில் நீங்கள் பெரிய ஆள்.

திரையில் உயிர்க்கோட்டுக்குக் கீழே ஆறு பச்சைக் கட்டங்கள், அது டிரைவ். ரவுண்ட் தொடங்கும்போதே ஆறும் நிறைந்திருக்கும். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் மாதிரி, இருக்கிறதே என்று நான் முதல் பத்து நொடியில் கரைத்துவிடுவேன். ஓவர்டிரைவ் அடிக்கு 2 கட்டம், டிரைவ் இம்பாக்டுக்கு 1. தடுத்தால்கூடக் கொஞ்சம் குறையும். காலியானால் 'பர்ன்அவுட்': டிரைவ் மறுபடி நிறையும்வரை டிரைவ் வித்தை எதுவும் வராது, விசேஷ அடிகளைத் தடுத்தாலும் உயிர் தேயும், தடுத்த பின் விடுபட 4 ஃப்ரேம் கூடுதலாகும். அந்த நிலையில் மூலையில் மாட்டி ஒரு டிரைவ் இம்பாக்டைத் தடுத்தால்கூட மயக்கம் போட்டு நிற்பீர்கள்.

அந்த டிரைவ் இம்பாக்ட் ஹெவி குத்தும் ஹெவி உதையும் சேர்ந்தது. இரண்டு அடிவரை வாங்கிக்கொண்டு நிற்காமல் வந்து இடிக்கும். புதியவர்கள் இதில்தான் அதிகம் சாகிறார்கள். பதில் எளிது: நீங்களும் அதையே போடுங்கள். பிந்திப் போட்டவருடையது வெல்லும். 26 ஃப்ரேம் என்பதால் பார்த்துப் போட நேரம் இருக்கிறது, மறுபடியும் அதே நிபந்தனைதான், கை காலியாக இருந்தால். பொம்மைக்கு முன்பு சொன்ன மூன்று பதிவுகளோடு இதை நான்காவதாகச் சேர்த்துவிடுங்கள்.

பாரி என்று ஒன்று இருக்கிறது, மீடியம் குத்தும் மீடியம் உதையும் பிடித்துக்கொண்டால் வரும் அடியெல்லாம் தட்டுப்பட்டுப் போகும். சண்டை விளையாட்டு என்று தேடினால் முதலில் வரும் வீடியோ 2004 ஈவோ என்ற பெரிய போட்டியுடையதாகத்தான் இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமேஹராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூலளவு. ஜஸ்டின் வாங்கின் சுன்-லி 15 உதைகள் கொண்ட சூப்பர் என்ற பெரிய அடியைக் கட்டவிழ்க்கிறார், சாதாரணமாகத் தடுத்தாலே கென் தேய்ந்து செத்துவிடுவார். உமேஹரா பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் பாரி செய்து, திருப்பி அடித்து ஜெயித்தார். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு உதைக்கும் நேரம் பார்த்து ஸ்டிக்கை முன்னே தட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு மாதம் எல்லாவற்றையும் பாரி செய்யப் போனேன். இங்கே பாரி செய்துகொண்டிருப்பவரை த்ரோ பிடித்தால் வழக்கமான 1200 சேதம் 2040 ஆகிவிடும். பெரும்பாலானவர்களின் மொத்த உயிர் 10000. ஐந்து தூக்கில் ஆட்டம் முடிந்தது. தொடக்கத்தில் நெருப்புப் பந்துக்கு மட்டும் பாரி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேங்க் ஆட்டம் எப்போது தொடங்குவது? இரண்டாவது வாரமே. தயாரான பிறகு போகலாம் என்றால் போகவே மாட்டீர்கள். தொடக்கத் தகுதிப் போட்டிகள் பத்தில் நான் ஒன்று ஜெயித்தேன், அதிலும் எதிராளியின் இணைப்பு ஆடிக்கொண்டிருந்தது என்று சந்தேகம். ஆட்டம் உங்களைக் கீழே போட்டால் நல்லது, உங்களைப் போன்றவர்களோடு ஆடலாம். இணைப்பைப் பொறுத்தவரை, முடிந்தால் லேன் வயர். எதிராளி வைஃபையா வயரா என்பதும் பிங், அதாவது இணைப்பின் தாமதம், எவ்வளவு என்பதும் போட்டியை ஏற்கும் முன்பே தெரியும். பிங் கூடினால் மறுத்துவிடுங்கள், அது கோழைத்தனமில்லை. நம் தெற்காசியப் பகுதியிலிருந்து மேலே போக முடியாது என்று யாராவது சொன்னால், லாகூர்க்காரரான அர்ஸலான் ஆஷ் 2019இல் ஒரே வருடத்தில் ஈவோ ஜப்பான், அமெரிக்க ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை எடுத்தார் என்பதை நினைவுபடுத்துங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு: பத்து நிமிடம் டிரெய்னிங், அப்புறம் இரண்டு மூன்று போட்டி. வரிசையாக மூன்று தோற்றால் அன்றைக்கு நிறுத்தம். நாலாவது போட்டியை ஆடுவது நானாக இருக்காது, என் கோபம் ஆடும். அந்த நேரத்தில் தோற்ற ஒரு ஆட்டத்தின் ரீப்ளேயைப் பார்க்கலாம். ஒரே கேள்வியோடு பாருங்கள்: எந்த இடத்தில் தேவையில்லாமல் அமுக்கினேன்? என் முதல் ரீப்ளேயில் ஒரு ரவுண்டுக்குள் 14 இடம் எண்ணினேன்.

ஆறு மாதத்தில் வெள்ளி, ஒரு வருடம் கழித்துத் தங்கம். அதற்கு மேல் இன்னும் போகவில்லை. போன பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். 17 ஆட்டம் ஆடினோம், பத்து அவன், ஏழு நான். பாதியில் அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "என்ன மாமா, நீங்க பட்டனே அமுக்க மாட்டேங்கிறீங்க, கடுப்பா இருக்கு" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து, "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்டா" என்றாள். அது பொய்.

தோற்ற பத்தில் ஆறு ஆட்டம் நான் திரையின் வலதுபுறம் நின்றபோது. அந்தப் பக்கம் நின்றால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும், 'ட'வையும் திருப்பி எழுத வேண்டும். அங்கே என் ஷோரியுகென் பத்துக்கு நாலுதான் வருகிறது. இந்த மாதம் டிரெய்னிங் மோடில் அந்தப் பக்கம் மட்டும் நிற்கிறேன், தினமும் இருபது.